எந்த ஊரு மூளை நார்மல்?

வெள்ளகோவில்,
ஞாயிறு பொழுதோட.

அன்புள்ள அம்மிணிக்கு,

போன்ல நீ கேட்டப்ப நான் "ம்… ம்…"னு இழுத்ததுக்குக் கோவிச்சுக்காத. எங்க அத்தை பக்கத்துலயே கட்டில்ல உக்காந்துட்டு என்ற வாயையே பாத்துட்டு இருந்தாங்க. அவங்க தலையைப் பத்தி அவங்க முன்னாடியே என்னத்தைப் பேசறது? இப்ப அவங்க படுத்துட்டாங்க. வூட்டுக்காரரு ஒறம்பரை கல்யாணத்துக்கு முத்தூர் போயிருக்காரு. தறி ஓடற சத்தத்துல நான் எழுதறது யாருக்கும் தெரியப்போறதில்லை. சாவகாசமாப் படி.

அத்தைக்கு வந்த மறதிக்கு ஊருக்குள்ள ஆளுக்கொரு கதை கட்டிட்டாங்க. சின்னவருக்குப் பாகம் பிரிச்சுக் குடுத்ததுல மனசு ஒடஞ்சுட்டாங்கன்னு பெரிய நங்கையா சொல்லிட்டுத் திரியறாங்க. யாரோ செஞ்சு வெச்சுட்டாங்க, மந்திரிச்சுக் கயிறு கட்டோணும்ங்கறது வடக்கு வீதிக்காரங்க. சுகர் மாத்திரை மூளையைத் தின்னுபோடும்ங்கறாரு ஜோசியர். அதையெல்லாங்கூடப் பொறுத்துக்குவேன். "எழுவத்தி நாலு ஆச்சு, வயசானா அப்படித்தான்"னு ஒருத்தர் விடாமச் சொல்றாங்க பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியலை. லாசி-டேட்னு நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தி 2023ல முடிவை வெளியிட்டாங்க. 60 வயசு தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு டிமென்சியாங்கற மறதி நோவு, மொத்தம் 88 லட்சம் பேரு. ஆம்பளைங்களை விடப் பொம்பளைங்களுக்கு எச்சு, டவுனை விடக் கிராமத்துல எச்சு. சரி, நூத்துல மிச்சம் இருக்கற தொண்ணூத்திச் சொச்சம் பேரும் வயசானவங்கதானே? அவங்க நல்லாத்தானே இருக்காங்க? அப்புறம் எப்படி "வயசானா அப்படித்தான்"?

எனக்குச் சந்தேகம் தட்டினது முருங்கைக்காய் கணக்குல. ஞாயித்துக்கிழமை ஆனா இங்க முருங்கைக்காய் கொள்முதல் நடக்குமே, உனக்குத்தான் தெரியுமே. மரமுருங்கைக்கு ஒரு வெலை, செடிமுருங்கைக்கு ஒரு வெலை, கரும்புமுருங்கைக்கு ஒரு வெலை. நம்ம தோட்டத்துக் காய்க்கு எடை போட்டு யாவாரி பணம் குடுக்கறதுக்குள்ள அத்தை மனசுலயே கூட்டி, "இன்னும் முப்பது ரூவா வரோணும்"னு நிப்பாங்க. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது, கணக்குல யாரும் ஏமாத்த முடியாது. அப்பேர்ப்பட்டவங்க போன தை மாசத்துல பணத்தை வாங்கிச் சுருக்குப்பையில போட்டுட்டு, சித்த நேரத்துல அந்த யாவாரிகிட்டயே போயி "என்ற பணம் எங்கடா"ன்னு சண்டைக்கு நின்னாங்க. பைக்குள்ள இருக்குதுங்கம்மான்னு அவன் சொல்றான். இவங்க விடலை. பாவம், அவன் மொகம் செத்துப்போச்சு.

இன்னொண்ணு கேளு. காலைல தின்னது பணியாரமா இட்டிலியான்னு சொல்லத் தெரியாது. ஆனா நாலு தறி ஓடிட்டு இருக்கறப்ப ஒண்ணு நின்னா, சமையக்கட்டுல இருந்தே "மூணாவதுல ஊடை அறுந்துருச்சு, போயிப் பாரு"ங்கறாங்க. போயிப் பாத்தா மூணாவதுதான்! இந்த வேடிக்கையை எங்க சொல்லி அழுவேன்.

கோயமுத்தூர்ல ஒரு நரம்பு டாக்டரைப் பாத்தோம். நல்ல மனுசன். பி12, தைராய்டு, எம்ஆர்ஐ எல்லாம் பாத்தாரு. இதுல சில கோளாறு இருந்தா அதைச் சரி பண்ணினாலே ஞாபகம் திரும்பிடலாமாம். ஒண்ணும் இல்லை. அப்புறம் கேள்வி கேக்கற பரிச்சை. "நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிச்சுட்டே வாங்கம்மா"ன்னாரு. அத்தை, "யாருக்குக் குடுக்கறதுக்குங்க?"ன்னாங்க. கடியாரம் வரைஞ்சு காட்டச் சொன்னாரு. பென்சிலே புடிச்சதில்லை, கடியாரத்துக்கு எங்க போறது? மார்க்கு கொறைஞ்சு போச்சு. நோவுனால கொறைஞ்சுதா, பள்ளிக்கூடம் போகாததுனால கொறைஞ்சுதான்னு டாக்டருக்கே யோசனை.

இது அத்தைக்கு மட்டும் வந்த வம்பில்லை. மேல்நாட்டுப் பரிச்சை நம்ம கிராமத்துக் கெழவிகளுக்கு ஒத்து வரலைன்னு ஹரியானாவுல பல்லப்கர்ங்கற ஊர்ல 1995லயே புதுசா ஒரு பரிச்சை எழுதியிருக்காங்க. 10/66னு ஒரு ஆராய்ச்சிக் கூட்டமும் சென்னை, வேலூர்ப் பக்கமெல்லாம் படிக்காதவங்களுக்கும் பொருந்தற மாதிரி சோதிச்சுருக்குது. டிமென்சியாக்காரங்கள்ல 66 சதவீதம் பேரு நம்மளாட்ட நாடுகள்ல இருக்காங்க, ஆராய்ச்சியில 10 சதவீதங்கூட இங்க நடக்கறதில்லைங்கறதுதான் அந்தப் பேருக்கு அர்த்தம். அப்போ பரிச்சையை நம்பாம மூளையையே நேராப் பாத்துரலாம்னு டாக்டர் பெட் ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்தாரு.

இதையெல்லாம் எனக்குப் புரியற மாதிரி சொல்லிக் குடுத்தவன் எங்க அண்ணன் பையன். அவன் படிச்சது நியூக்ளியர் மெடிசின், பெங்களூர்ல வேலை. எங்க பெரியப்பா இன்னமும் அவன் அணுகுண்டுக் கம்பெனியில இருக்கறான்னு சொல்லிப் பொண்ணு பாக்கறாரு. ரெண்டு எடம் தட்டிப் போச்சு.

அவன் சொன்னது இதுதான்: எம்ஆர்ஐ மூளையோட உருவத்தைக் காட்டும். எங்க வேலை நடக்குது, எங்க நடக்கலைன்னு பெட் காட்டும். ஒடம்பு எடையில மூளை 2 சதவீதந்தான். ஆனா நாம எரிக்கறதுல அஞ்சுல ஒரு பங்கை அதுவே வாங்கிக்கும். அதுக்குத் தீனி குளுக்கோஸ். எஃப்டிஜின்னு ஒரு மருந்து, குளுக்கோஸ் மாதிரியே வேசம் போட்டது, ஃப்ளோரின்-18ங்கற கதிர்வீச்சுப் பொருளை ஒட்டியிருப்பாங்க. மூளை செல்லு நெசக் குளுக்கோஸ்னு நம்பி உள்ள இழுத்துக்கும், ஆனா மேற்கொண்டு செரிக்க முடியாது. அங்கயே சிக்கிக்கும். அதுல இருந்து ஒரு பாசிட்ரான் கெளம்பி ஒரு எலக்ட்ரானை முட்டும். ரெண்டும் காணாமப் போயி, ரெண்டு காமாக் கதிர் நேர் எதிரெதிர்த் தெசையில பறக்கும். தலையைச் சுத்தி வளையமா இருக்கற கருவி, ஒரே நொடியில ரெண்டு பக்கமும் வந்து மோதறதைப் புடிச்சு, எந்தக் கோட்டுல இருந்து வந்துதுன்னு கணக்குப் போடும். இப்படி லட்சோப லட்சம் கோடு சேந்துதான் படம். 1976ல அமெரிக்காவுல பென்சில்வேனியாவுலதான் முதல் முதல்ல மனுசனுக்கு இந்த ஊசி போட்டாங்க. நம்ம நாட்டுக்கு பெட் வந்தது 2002ல, மும்பையில.

இந்த மருந்தை வாங்கி ஃபிரிட்ஜுல வெக்க முடியாது. 110 நிமிசத்துக்கு ஒருக்காப் பாதியாயிரும். வெள்ளகோவில்ல பஸ் ஏறிக் கோயமுத்தூர்ல எறங்கறதுக்குள்ள பாதி தீந்துரும்னு வெச்சுக்கோ. சைக்ளோட்ரான்ங்கற மெஷின்ல காலைல செஞ்சு, வண்டியில ஏத்தி, யாருக்கு எத்தனை மணிக்குன்னு கணக்கா அனுப்பறாங்க. நேரம் தப்பினா அவ்வளவுதான்.

எங்களுக்குத் தப்புச்சு. ஆறு மணி நேரம் வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருந்தாங்க. நானும் ராத்திரியே அடுப்பங்கரையைப் பூட்டிட்டேன். விடியக்காலைல காரு எடுக்க வந்த எங்க கொழுந்தனாரு, "அம்மா பசியாப் போகுதே"ன்னு பேக்கரியில வண்டியை நிறுத்தி நான் பாக்காத நேரத்துல ஒரு டம்ளர் காப்பி, ரெண்டு தேங்காய் பன்னு வாங்கிக் குடுத்துருக்காரு. அங்க போயி விரல்ல குத்திப் பாத்தா சுகர் எரநூத்தம்பதுக்குக் கிட்ட. ஊசி கெடையாது, போயிட்டு இன்னொரு நாள் வாங்கன்னுட்டாங்க. கொழுந்தனாருக்குக் கோவம். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, எப்படியோ ஒரு படம் எடுத்துக் குடுங்க"ன்னு கவுண்டர்ல கத்தறாரு. எனக்கு மானம் போச்சு.

ஆனா "எப்படியோ ஒரு படம்" எடுத்துருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? ரத்தத்துல நெசச் சர்க்கரை எச்சா இருந்தா மூளை அதை எடுத்துக்கும், வேசக்காரனுக்கு எடம் குடுக்காது. படம் மங்கிப் போகும். மங்கறதோட விட்டாலும் பரவால்லை. ஞாபகமெல்லாம் நல்லா இருக்கறவங்களுக்கே சர்க்கரை ஏறியிருக்கறப்ப படம் எடுத்தா, அல்சைமர்ங்கற மறதி நோவுக்காரங்களுக்கு எந்த எடம் மங்குமோ அதே எடம் மங்கித் தெரியுதுன்னு ஜப்பான் டாக்டருங்க எழுதியிருக்காங்க! நம்ம பக்கம் வூட்டுக்கு ஒரு சுகர். எத்தனை பேருக்கு அவசரத்துல படம் எடுத்து இல்லாத நோவைப் பேரு வெச்சாங்களோ. புது மெஷினுக்குக் கோடிக்கணக்குல காசு போடறாங்க, சரி. விரல்ல குத்தற ஊசியில ஒழுங்கு இருந்தாலே பாதி படம் தெளிஞ்சுரும்ங்கறது என்ற கட்சி.

அடுத்த தடவை கொழுந்தனாரை வூட்டுலயே விட்டுட்டுப் போனோம். சுகர் சரி. ஊசி போட்டுட்டு வெளிச்சம் கொறைஞ்ச ஒரு ரூமுல சாஞ்ச சேர்ல உக்கார வெச்சாங்க. அரை மணி நேரம் பேசக்கூடாது, போன் பாக்கக்கூடாது, பாட்டுக் கேக்கக்கூடாது. பேசினா பேச்சுக்கான எடம் தீனி எடுத்துக்கும், பாத்தா பார்வைக்கான எடம் எடுத்துக்கும், படத்துல அதெல்லாம் வந்து உக்காந்துக்கும். அத்தையாவது அரை மணி நேரம் வாயை மூடறதாவது! நர்ஸ் பொண்ணுகிட்ட "நீ எந்த ஊரு கண்ணு, எந்தக் கூட்டம், கல்யாணம் ஆச்சா"ன்னு ஆரம்பிச்சாங்க. அந்தப் புள்ளை உதட்டுல விரலை வெச்சுட்டு லைட்டை அணைச்சுட்டுப் போயிருச்சு. கண்ணாடி வழியாப் பாத்தேன். முந்தானையை விரல்ல சுத்தறதும் பிரிக்கறதுமா, மாடத்துல வெச்ச சாமியாட்டம் உக்காந்துருந்தாங்க. எங்க கல்யாணத்துக்கப்புறம் அவ்வளவு நேரம் அவங்க பேசாம இருந்து நான் பாத்ததே இல்லை.

படத்தை டாக்டர் திரையில போட்டுக் காட்டினாரு. பின்னந்தலை நல்லா எரியுது, கைகாலை ஆட்டற பட்டை நல்லா எரியுது. காதுக்கு மேலயும் அதுக்குப் பின்னாலயும் ரெண்டு பக்கமும் மங்கல். நடுவுல உள்ளுக்குள்ளயும் ஒரு எடம் மங்கல். இது அல்சைமர் சாடை. நெத்திப் பக்கம் மங்கியிருந்தா வேற நோவு, அதுல ஞாபகத்தை விடக் கொணந்தான் மொதல்ல மாறுமாம். பின்னந்தலை மங்கியிருந்தா லூயி பாடின்னு இன்னொண்ணு, இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரியுமாம். நோவுக்கு நோவு மருந்து மாறும். லூயி பாடிக்காரங்களுக்குச் சில மனநல மருந்தைக் குடுத்தா ஒடம்பு கட்டை மாதிரி வெறைச்சு ஆபத்தாயிரும். அதனாலதான் பேரு சரியா வெக்கோணும்ங்கறாங்க.

எல்லாம் முடிஞ்சப்புறம் அண்ணன் பையன் கிட்டப் படத்தை அனுப்பினேன். அப்பத்தான் ஒரு சங்கதி வெளிய வந்துது. அம்மிணி, இதை நல்லாக் கவனி. டாக்டர் கண்ணால பாக்கறதோட, கம்ப்யூட்டரும் ஒரு கணக்குப் போடுது. 1995ல மினோஷிமான்னு ஒரு டாக்டர் மிச்சிகன்ல இருந்தப்ப செஞ்ச வழி. நோவாளி மூளையை, நோவில்லாத வயசாளிகளோட மூளைத் தொகுப்போட ஒப்பிட்டு, எங்க எவ்வளவு கொறையுதுன்னு கலர் அடிச்சுக் குடுக்கும். நான் கேட்டேன், "அந்த நோவில்லாதவங்க யாருடா? எந்த ஊரு?" அவன் சிரிச்சான். "மெஷினோட சாஃப்ட்வேர்ல வந்ததுங்கத்தை. பெரும்பாலும் வெளிநாட்டுக்காரங்கதான்."

அப்போ கேப்பங்களியும் கம்மஞ்சோறும் தின்னு, பள்ளிக்கூட வாசலை மிதிக்காம, முப்பது வருசம் தார் சுத்தின எங்க அத்தை மூளையை, யாரோ ரிட்டயர்டு அமெரிக்காக்காரி மூளையோட வெச்சு "கொறையுது"ன்னு சொல்லியிருக்குது! ஹைதராபாத் ட்ரிபிள் ஐடிக்காரங்களும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஆஸ்பத்திரிக்காரங்களும் சேந்து 2019ல இந்திய மூளைக்குன்னு ஒரு அட்லஸ் போட்டாங்க. 100 பேரைப் படம் புடிச்சு அளந்து பாத்தா, மேல்நாட்டு அளவுக்கு நம்ம மூளை உசரம், அகலம், கன அளவு எல்லாத்துலயும் கொஞ்சம் சின்னது. அதுல ஒண்ணும் கேவலமில்லை, சட்டை அளவு சின்னதுங்கற மாதிரிதான். ஆனா பெரிய சட்டையைப் போட்டு "தொளதொளன்னு இருக்குது, எளைச்சுட்டே"ன்னு சொன்னா எப்படி? அதுலயும் அந்த 100 பேரு வாலிபப் புள்ளைங்க. 2020ல இன்னொரு தொகுப்பு வந்துது, 6 வயசுல இருந்து 60 வரைக்கும். 60ல நின்னுருச்சு! நோவு பெரும்பாலும் ஆரம்பிக்கறதே அதுக்கு மேல. ரெண்டுமே எம்ஆர்ஐதான், எஃப்டிஜி இல்லை.

அத்தைக்கு நோவு இல்லைன்னு நான் சொல்ல வரலை. டாக்டர் படத்தை மட்டும் நம்பலை. முருங்கைக்காய் கதை, தறிக் கதை, நான் சொன்ன அத்தனையும் எழுதிக்கிட்டுத்தான் முடிவு பண்ணினாரு. ஆனா ஆரம்பத்துலயே, லேசா மங்கியிருக்கற நேரத்துல வர்றவங்களுக்கு இந்த ஒப்பீடுதானே எல்லாம்? கோலார் ஜில்லாவுல சீனிவாசபுரம்னு ஒரு ஊரு. பெங்களூர் ஐஐஎஸ்சி வளாகத்து மூளை ஆராய்ச்சி மையம் அந்தப் பக்கத்துக் கிராமத்து ஆளுகளை, 45 வயசுக்கு மேல, பத்தாயிரம் பேரு வரைக்கும் சேத்து வருசக்கணக்காத் தொடர்ந்து பாக்கோணும்னு எறங்கியிருக்குது. அந்த மாதிரி நம்ம கொங்கு நாட்டுல ஒண்ணு வரோணும். இங்க நல்லா இருக்கற கெழவிகளைப் படம் புடிச்சு வெச்சாத்தான் நல்லா இல்லாத கெழவியைக் கண்டுபுடிக்க முடியும்.

மெஷினும் மாறிட்டுத்தான் இருக்குது. சாதாரண பெட் மெஷின் பிரிச்சுக் காட்டறது 4, 5 மில்லிமீட்டர். மூளையோட மேல்தோல் கனமே 2, 3 மில்லிமீட்டர்தான். உங்க வூட்டுலயும் தறி ஓடுச்சே, பத்தாம் நம்பர் நூலை வெச்சுட்டு மயிரிழைக் கோடு போட முடியுமா? அதே வம்புதான். வயசாகி மூளை சுருங்கினா, மெலிஞ்ச எடமும் மங்கின எடமும் ஒண்ணாத் தெரியும். எம்ஆர்ஐ படத்தைப் பக்கத்துல வெச்சு அதைத் திருத்தறாங்க. பெங்களூர் நிம்ஹான்ஸ்ல பெட்டும் எம்ஆர்ஐயும் ஒரே மெஷின்ல இருக்குது. அமெரிக்காவுல யேல், டேவிஸ் பல்கலைக்கழகக்காரங்க ஒரு சீனக் கம்பெனியோட சேந்து தலைக்குன்னே நியூரோஎக்ஸ்ப்ளோரர்னு ஒண்ணு செஞ்சுருக்காங்க, 2 மில்லிமீட்டருக்கும் கீழ பிரிக்குமாம். தலை அசைஞ்சாலும் கேமரா பாத்துக்கிட்டே திருத்திக்குமாம். எங்க அத்தைக்கு அதுதான் லாயக்கு.

இன்னொரு வகை ஊசி இருக்குது. அல்சைமர்ல மூளையில படியற அமிலாய்டுங்கற கசடையே ஒட்டிப் புடிச்சுக் காட்டும். 2002ல ஸ்வீடன்ல உப்சாலாவுல மொதல் நோவாளிக்குப் போட்டாங்க. அதுக்கு முன்னாடி அந்தக் கசடைப் பாக்கோணும்னா பெரும்பாலும் செத்தப்புறம் மூளையை அறுத்துத்தான் பாக்கோணும். நம்ம நாட்டுல அந்த ஊசி கெடைக்கற எடம் கம்மி. லெக்கனிமாப் மாதிரி புது மருந்துங்க குடுக்கறதுக்கு முன்னால கசடு இருக்குதுன்னு நிரூபிக்கோணும், அதனால மேல்நாட்டுல இதுக்கு ஒரே கிராக்கி. ஆனா 90 வயசுல ஞாபகம் நல்லா இருக்கறவங்கள்லயே 44 சதவீதம் பேரு மூளையில கசடு இருக்குதாம். கசடு இருந்தா நோவுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்ல முடியாது. 2025 மே மாசத்துல அமெரிக்காவுல இதுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் அனுமதி குடுத்துட்டாங்க. இனி ஸ்கேன் எதுக்குன்னு பேசிக்கறாங்க. ரத்தப் பரிசோதனை கசடு உண்டா இல்லையான்னு சொல்லும், எந்த எடத்துல எவ்வளவு தூரம்னு சொல்லாது.

எதுத்த வூட்டு மாமாவுக்குக் கை நடுங்குதுன்னு சொன்னனே, அவருக்கும் இதே எடத்துல வேற ஊசி போட்டாங்க. எஃப்-டோபா. நல்ல மூளையில உள்ளுக்குள்ள ரெண்டு கமா தெரியும். பார்க்கின்சன்னா கமாவோட வால் போயிப் புள்ளி மட்டும் நிக்கும். அவருக்கு ரெண்டும் வாலோட முழுசா இருக்குது, வெறும் நடுக்கந்தான். அந்தச் சந்தோசத்துல வீதிக்கே மைசூர்பாகு குடுத்தாங்க. மாமி மட்டும், "அப்போ இத்தனை மாசம் நடுங்கறன் நடுங்கறன்னு தண்ணி கூட என்னை மோந்து குடுக்க வெச்சாரே"ன்னு இன்னமும் புடிச்சு வெச்சுத் திட்டிட்டு இருக்கறாங்க.

அத்தைக்கு மாத்திரை ஆரம்பிச்சாச்சு. திருப்பிக் கொண்டு வராது, கொஞ்ச நாள் தள்ளிப் போடும்னு டாக்டர் ஒளிக்காமச் சொல்லிட்டாரு. யாவாரிகிட்ட நானே போயிச் சொல்லிட்டேன். இப்ப அவன் பணத்தை என் கையில குடுத்துட்டு, அவங்க முன்னால மறுக்கா ஒருக்கா எண்ணிக் காட்டறான். நல்ல பையன்.

இப்ப உன்கிட்ட ஒரு சோலி. உங்கம்மாவுக்கு எம்பத்தொண்ணு ஆச்சுதானே? நம்ம செட்டுல யாரு கல்யாணத்துக்கு யாரு எத்தனை மொய் வெச்சாங்க, அதுல கிழிஞ்ச நோட்டு எதுன்னு வரைக்கும் சொல்றவங்க. சுகரும் இல்லை. நாளைக்கு யாராச்சும் கொங்கு நாட்டுக் கெழவிகளை நார்மல்னு படம் புடிக்க வந்தா மொதல் பேரா அவங்களைத்தான் குடுக்கப் போறன்னு அண்ணன் பையன்கிட்டச் சொல்லி வெச்சுட்டேன். ஊசியில வர்ற கதிர், ஒரு வருசத்துல மண்ணுல இருந்தும் ஆகாசத்துல இருந்தும் தானா வர்ற கதிரை விட எச்சுதான், ஆனாலும் பயமில்லைன்னான். ஊசிக்கு ஒத்துக்குவாங்க. அரை மணி நேரம் பேசாம இருப்பாங்களான்னு மட்டும் நீ பக்குவமாக் கேட்டு எழுது.

உன்ற,
வெள்ளகோவில்காரி